புலி ராஜாவின் சுத்த இரத்தம்

ஒரு காட்டில் பேருறுமி என்றொரு புலி ராஜா இருந்தது. வீரம் கொஞ்சம், வாய்க்கொழுப்பு நிறைய. விடிந்தால் போதும், பாறைமேல் ஏறிக்கொண்டு, "எங்கள் வம்சத்து இரத்தம் சுத்த இரத்தம்! ஏழு தலைமுறையாகக் கலப்பே கிடையாது!" என்று உறுமும். ஏழு தலைமுறை வேண்டாம், தாத்தாவின் பெயரைக் கேட்டாலே அதற்குத் தெரியாது.

அந்தக் காட்டுக் குளத்தில் புலிகள் குடித்த பிறகுதான் மற்ற விலங்குகள் குடிக்கலாம். காட்டுப்பன்றிக்குக் குளக்கரையே கூடாது. குளம் நிரம்பி வழிகிற சேற்றுத் தண்ணீர்தான் அதற்கு. "உன் நிழல் பட்டாலே என் இரத்தம் கெட்டுவிடும், தள்ளிப் போ!" என்று ராஜா விரட்டும். "ஆகா, என்ன ஞானம்!" என்று மந்திரி நரி வாலை ஆட்டும்.

ஒரு நாள் ராஜா ஒரு காட்டெருமையின் மேல் பாய்ந்தது. எருமை கொம்பால் அதன் தொடையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு மேயப் போய்விட்டது. இரத்தம் கொடகொடவென்று கொட்டியது. ராஜாவைக் குகைக்குத் தூக்கி வந்தார்கள்.

காட்டு வைத்தியரான கரடி எல்லோரையும் வெளியே நிறுத்தியது. "இரத்தம் ஏற்றாவிட்டால் பிழைக்க மாட்டீர்கள், மகாராஜா" என்றது.

"என் தம்பி இருக்கிறானே! அரச இரத்தம்!"

கரடி வெளியே போய் ஒவ்வொரு விலங்கிடமும் ஒரு துளி வாங்கி வந்தது. தம்பிப் புலியின் துளியை ராஜாவின் இரத்தத்தோடு ஓர் இலையில் கலந்தது. அது திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகிவிட்டது.

"இது சேராது, மகாராஜா. மனிதர்களுக்கு இருப்பதுபோல நம் காட்டிலும் ஏ, பி, ஏபி, ஓ என்று இரத்த வகைகள் உண்டு. தம்பி ஏ வகை. நீங்கள் ஓ வகை."

"ஒரே தாய் வயிற்றில் பிறந்தோமே!"

"பிறந்தாலும் வகை மாறலாம். ஓ வகைக்காரர் மற்ற வகைகளுக்கும் கொடுக்கலாம். ஆனால் வாங்குவது ஓ வகையிடம் மட்டும்தான். வேறு வகை உள்ளே போனால் உடம்பே அதை எதிரி என்று நினைத்து அடிக்கும். உயிர் போய்விடும்."

"சரி சரி, யாருடையதுதான் சேருகிறது?"

கரடி தொண்டையைச் செருமிக்கொண்டது. "காட்டுப்பன்றியுடையது."

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் கண் இருட்டிக்கொண்டு வந்ததே! அவரவர் உயிர் அவரவருக்கு வெல்லம் அல்லவா? "பின்பக்கமாக வரச் சொல். வெளியே தெரிந்தால் உன் தோலை உரித்துவிடுவேன்" என்று முனகியது.

பன்றி வந்து படுத்தது. இரத்தம் கொடுத்தது. எழுந்து போனது. ராஜா அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

காயம் ஆறியதும் ராஜா பாறைமேல் ஏறியது. "என்னைப் பிழைக்க வைத்தது என் தம்பியின் இரத்தம்!"

"நான் ஒரு துளிதானே கொடுத்தேன்?" என்று தம்பி விழித்தது.

"அரச இரத்தம் அல்லவா? ஒரு துளியே போதும்!"

காடே கைதட்டியது. தம்பிக்கும் தலைகால் புரியவில்லை. ரகசியம் தெரிந்த கரடி பக்கத்தில் இருக்கலாமா? அதைக் காட்டை விட்டே துரத்தினார்கள். வைத்தியர் வேலை நரிக்குக் கிடைத்தது. நரிக்கு வைத்தியம் தெரியாதுதான். அதனால் என்ன, அரச வம்சத்தின் பெருமையெல்லாம் மனப்பாடமாகத் தெரியுமே!

ராஜா அந்தப் பொய்யைச் சொன்னது, சொன்னது, சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதுவே பாதி நம்பிவிட்டது. போதாதென்று சுத்த இரத்த விழா என்று ஒரு திருவிழா வேறு. அந்த விழாவில் வீரம் காட்டப் பாறையிலிருந்து குதித்தது. நேராக ஒரு மூங்கில் முளையின் மேல் விழுந்தது. மறுபடியும் இரத்தம் கொட்டியது.

"பயப்படாதீர்கள், மருந்து பக்கத்திலேயே இருக்கிறது!" என்று நரி தம்பிப் புலியை இழுத்து வந்தது.

அப்போது கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு பன்றி ஓடி வந்தது. "ஐயையோ, அதை ஏற்றாதீர்கள்! அது சேராதென்று கரடியே சொன்னது! போன தடவை கொடுத்தது நான்தான்! மகாராஜா, ஒரு வார்த்தை சொல்லுங்கள்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. எல்லாக் கண்களும் ராஜாவின் மேல். "ஆமாம்" என்றால் உயிர் தப்பும். ராஜா நரியைப் பார்த்தது, தம்பியைப் பார்த்தது, மாலை போட்ட தன் பாறையைப் பார்த்தது.

"பன்றி பொய் சொல்கிறது" என்றது.

அரச இரத்தம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் ராஜாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மூச்சு முட்டியது. "பன்றி... பன்றியை..." என்று அலறியது.

"பாருங்கள், சாகிற நேரத்திலும் பன்றி மேல் எவ்வளவு கோபம்! விரட்டுங்கள் அதை!" என்று நரி கத்தியது. கூட்டம் பன்றியைக் கல்லால் அடித்து விரட்டியது. திரும்பி வந்து பார்த்தபோது ராஜாவுக்கு உயிர் இல்லை.

இறுதி ஊர்வலம் தடபுடலாக நடந்தது. "கலப்பில்லாமல் வாழ்ந்தார், கலப்பில்லாமல் போனார்!" என்று நரி முன்னால் நின்று அழுதது. பன்றி தூரத்துப் புதரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஊர்வலத்தில் அதன் இரத்தமும் கொஞ்சம் ராஜ மரியாதையோடு போய்க்கொண்டிருந்தது.

நீதி: இரத்தத்துக்கு வகை உண்டு, வம்சம் கிடையாது, சேருகிற இரத்தத்தை இழிவென்று தள்ளுகிறவன் சேராத பெருமையால் சாவான்.