இரண்டாவது ஆணி

"டீச்சரம்மா, இந்த ஆணியும் தெறிச்சிடுச்சு."

இன்னாசி கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை காலி.

பவளக்கொடி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எதுல செஞ்சீங்க?"

"தையல் ஊசியைத் தேய்ச்சுச் செஞ்சேன். அதுக்கு முந்தினது வாட்ச் பட்டையில வர்ற ஊசி. அதுக்கும் முந்தி டாக்டர் போடுற ஊசிக் குழாயை வெட்டிப் பார்த்தேன். மாட்டுறப்ப கச்சிதமா உட்காருது. சக்கரம் ஒரு சுத்து சுத்துது. அவ்வளவுதான், யாரோ விரலால சுண்டிவிட்ட மாதிரி வெளிய வந்து விழுது."

"அளவு?"

"மயிரிழை பிசகல."

பவளக்கொடி, பஜாருக்குப் பின்னால் கடை வைத்துப் பொம்மை ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கிறவள். தொலைந்துபோன திருகோ கொக்கியோ, எதற்கும் ஒரு மாற்றுச் செய்து போட்டுவிடுவாள். இன்னாசியின் வயதில் பாதிதான் இருக்கும் அவளுக்கு. அதனாலென்ன, வேலை கற்றுக்கொடுக்கிறவள் டீச்சர்தானே? ரிட்டயரான ரயில்வே கார்டு, அவள் முன்னால் முக்காலியில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவர் வேலை கற்க வந்தது ஒரே ஒரு எஞ்சினுக்காக. கறுப்பு நிற நீராவி எஞ்சின். முழங்கை நீளம். மகன் செல்வின் கையால் செய்தது.

சக்கரத்தையும் அதைத் தள்ளுகிற தண்டையும் பிணைக்கிற ஆணி அதில் ஒன்று குறைந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் செல்வின் அதை மேஜையில் வைத்து முடுக்கிக்கொண்டிருந்தான். ஆணி கை நழுவி விழுந்தது. "உருண்டு போச்சுப்பா. இதோ எடுத்துட்டு வந்திடறேன்" என்றான். குனிந்து தேடிக்கொண்டே பின்கதவைத் தாண்டினான். வீட்டுக்குப் பின்னால் வண்டி ஓடாத பழைய தண்டவாளம். அதன் மேலேயே குனிந்தபடி போனான்.

போனவன் போனவன்தான்.

போலீஸ் தேடியது. சொந்தபந்தம் தேடியது. இன்னாசி வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்வந்தார். ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆணி கிடைத்தால் பிள்ளை வந்துவிடுவான் என்று அவருக்கு ஒரு நினைப்பு விழுந்தது. வெளியில் சொன்னால் கிறுக்கு என்பார்கள். பவளக்கொடியிடம் மட்டும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவளிடம் சீடராகச் சேர்ந்துவிட்டார்.

"மாத்து வேண்டாம் டீச்சரம்மா. அந்த ஆணியேதான் வேணும். தொலைஞ்சதைத் தேடுற வித்தை ஏதாச்சும் இருந்தா சொல்லிக் குடுங்க."

பவளக்கொடி ஒரு சக்கரத்தை ஊதித் தூசி போக்கினாள்.

"வீட்டுல வேற யாரு இருக்கா?"

"மக. ஜெசிந்தா. காலேஜுக்குப் போய்க்கிட்டிருந்தா. இப்பப் போறதில்ல."

"என்ன பண்றா?"

"அவளுக்கென்ன, அவ பாட்டுக்கு இருக்கா. அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு அவன் ரூம்லயே உட்கார்ந்திருக்கா. அவனை மாதிரியே விசிலடிக்கிறா. அது கிடக்கட்டும். பெரிய தொல்லை அந்தப் பின்கதவுதான். தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் வர்றேன். மத்தியானம் போய்ப் பார்த்தா ஆன்னு திறந்து கிடக்குது. காத்துதான்னு நினைக்கிறேன்."

பவளக்கொடி கையிலிருந்த சக்கரத்தைக் கீழே வைத்தாள்.

"தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம்."

"உள்பக்கத் தாழ்ப்பாளைக் காத்து எடுக்குமா கார்டய்யா?"

"பழைய கதவும்மா" என்றார் இன்னாசி.

கடையை விட்டு எங்கேயும் போகாதவள் எழுந்து செருப்பை மாட்டினாள்.

*

செல்வினின் அறை அவன் விட்டுப்போன மாதிரியே இருந்தது. மேஜை, விளக்கு, எஞ்சின். மின்விசிறி நின்றிருந்தும் அறை குளிர்ந்து கிடந்தது. வெளியே உச்சி வெயில்.

ஜெசிந்தா தேநீர் கொண்டுவந்தாள். நீலக்கோடு போட்ட சட்டை, முழங்கை வரை மடித்துவிட்டது. தட்டில் நான்கு டம்ளர்.

அப்பாவுக்கு ஒன்று. வந்தவளுக்கு ஒன்று. தனக்கு ஒன்று. நான்காவதை மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"அவனுக்குச் சக்கரை கம்மி" என்றாள், யாரும் கேட்காமலே.

"தினம் வைக்கிறா. வச்சா வச்சுட்டுப் போறா" என்றார் இன்னாசி. மகள் முகத்தைப் பார்த்து அவர் சொல்லவில்லை. அவர் கண் தரையில் இருந்தது. வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அது தரையில்தான் இருக்கும். "நீங்க ஆணியைப் பாருங்க."

பவளக்கொடி எஞ்சினைக் கவிழ்த்தாள். நல்லபடியாக இருந்த இன்னொரு ஆணியைத் திருகிக் கழற்றினாள்.

இன்னாசி பதறிப்போனார். "ஐயையோ! இருக்கிறதையும் ஏன் கழட்டுறீங்க?"

"எங்க தொழில்ல இதுதான் வழக்கம். தொலைஞ்சதைத் தேட மாட்டோம். அதே மாதிரி இன்னொண்ணை, அதே இடத்துலருந்து விழ விடுவோம். தரை அதேதான், சரிவும் அதேதான். முதல்ல போனது போன வழியிலதான் இதுவும் போகும். போறதைக் கண்ணால தொடர்ந்தா ரெண்டும் கிடைக்கும்."

"தொடராட்டி?"

"ரெண்டும் போயிரும்."

இன்னாசி முழங்காலிட்டார். இதுவும் போய்விட்டால் எஞ்சின் இனி என்றைக்கும் ஓடாது. ஜெசிந்தா கதவோரமாக நாற்காலியில் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தாள்.

"விழுறதை மட்டும் பாருங்க கார்டய்யா."

பவளக்கொடி விரலை விட்டாள்.

டிங்.

ஆணி உருண்டது. கடுகளவு சாமான் அது. அதற்கு அவ்வளவு சத்தம் வரக்கூடாது. ஆனால் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. டடக்... டடக்... தண்டவாள இணைப்புகளின் மேல் ஏதோ வண்டி போகிற மாதிரி. அறையைத் தாண்டியது. நடையைத் தாண்டியது. எங்கேயோ தூரத்தில் தேய்ந்து நின்றது.

"எங்க போச்சு?" என்றாள் பவளக்கொடி.

"எது?"

"இப்ப விழுந்தது."

இன்னாசி பீரோவுக்கு அடியிலிருந்து தலையை எடுத்தார். "இங்க என்னமோ மின்னுச்சு. முதல்ல போனதுதானோன்னு..."

"அதுவா?"

"மிட்டாய்க் காகிதம்."

பவளக்கொடி திரும்பினாள். மேஜை ஓரத்தைப் பார்த்தாள். இன்னாசியும் பார்த்தார்.

நான்காவது டம்ளர் காலியாக இருந்தது. விளிம்பில் ஈரம் காயவில்லை.

கதவோர நாற்காலியும் காலி.

விசில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வெளியிலிருந்து. ஒரு விசில் அடித்து முடிக்க, இன்னொரு விசில் பதில் சொன்னது.

"ஜெசிந்தா?" என்றார். அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை நாளாயிற்றோ, நாக்கு புரளவே இல்லை.

பின்கதவு ஆன்னு திறந்து கிடந்தது.

இன்னாசி எழுந்தார். ஓடினார். வேட்டி தடுக்கியது, அதை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பவளக்கொடி பின்னால் வரவில்லை.

*

இரண்டு பக்கமும் கருவேல முள். நடுவில் துருப்பிடித்த தண்டவாளம். ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

ஜெசிந்தா தண்டவாளக் கட்டைகளின் மேல் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தாள். எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்து, நிதானமாக.

அவளுக்கும் அப்பால், தடம் வளைகிற இடத்தில், இன்னொரு ஆள் குனிந்திருந்தது. அதே நீலக்கோடு சட்டை. ஒரு கை, வா வா என்றது.

"அப்பா! கிடைச்சிருச்சுப்பா!"

செல்வினின் குரல். பெற்றவனுக்குத் தெரியாதா?

அந்தக் குரலுக்காகத்தானே அவர் இத்தனை நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது! கழுத்து தானாக நிமிர்ந்தது. இன்னும் ஒரு கணம் போனால் பிள்ளை முகத்தைப் பார்த்திருப்பார்.

போறதைக் கண்ணால் தொடரணும் என்று டீச்சரம்மா சொன்னது நினைவுக்கு வர, இன்னாசி கண்ணை இறக்கினார். ஜெசிந்தாவின் குதிகால்களில் வைத்தார்.

"இங்க பாருங்கப்பா. நான்தான்ப்பா."

இன்னாசி அழுதார். வாய்விட்டே அழுதார். அழுதுகொண்டே அந்த இரண்டு குதிகால்களையும் பார்த்தபடி நடந்தார். கண்ணீர் மறைத்தது. துடைக்கக் கையைக் கொண்டுபோகவில்லை, அந்த நேரத்துக்குள் என்ன ஆகுமோ என்று பயந்தார்.

"ஜெசிந்தா."

குதிகால்கள் போய்க்கொண்டே இருந்தன.

"அப்பா, என்னைப் பார்க்க மாட்டீங்களா?" என்றது அந்தக் குரல். இப்போது மிகப் பக்கத்தில் கேட்டது.

இன்னாசி தலையைத் தூக்கவில்லை.

"ஜெசிந்தாம்மா. அப்பா வந்திருக்கேன்டா. உன்னைத்தான் பார்த்துக்கிட்டு வர்றேன்."

விசில் நின்றது.

குதிகால்களும் நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு மெல்ல, அவை இருந்த இடத்தில் கால்விரல்கள் தெரிந்தன.

பெருவிரலுக்குப் பக்கத்தில், கட்டை இடுக்கில், கடுகளவில் ஏதோ இரண்டு மின்னின.

இன்னாசி குனியவில்லை. மகள் முகத்தைப் பார்த்தார்.