பவுன்ராசுவின் உதட்டுப் புண்ணும் பங்கு போட்ட பத்தியமும்

ஓலைப்பட்டியில் புத்தியே கிடையாது என்று சொல்வது அபாண்டம். இருந்த புத்தியை ஊரே சமமாகப் பங்கு போட்டுக்கொண்டதால் ஆளுக்குக் கொஞ்சமாகத்தான் வந்தது.

அந்த ஊரில் பந்தல் போடுகிறவர்கள் நான்கு பேர். பவுன்ராசு குழி தோண்டுவான், வேலாண்டி மூங்கில் நடுவான், சொக்கன் கயிறு கட்டுவான், இருளப்பன் தள்ளி நின்று “கோணலா இருக்குல” என்பான். ஒருவனே முழு வேலையையும் செய்துவிட்டால் மற்ற மூவரையும் அவமானப்படுத்தியதாக அர்த்தம்.

பவுன்ராசு புது மாப்பிள்ளை. ஆடிக்குத் தாய் வீட்டுக்குப் போன அவன் மனைவி தங்கபுஷ்பம் திரும்பி வர மூன்று நாள்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவன் உதட்டில் கொப்புளம் கொத்தாகக் கிளம்பியது. நால்வரும் டாக்டரம்மாவிடம் போனார்கள்.

“யாருக்கு உடம்பு சரியில்ல?”

“எங்களுக்குத்தான்” என்றான் வேலாண்டி.

டாக்டரம்மா உதட்டைப் பார்த்தார். “இது ஹெர்பிஸ். நிறையப் பேருக்கு இருக்கு, பயப்படாதீங்க. ஆனா முத்தம் கொடுத்தா தொத்தும். வாய்வழி உறவு வச்சுக்கிட்டா சம்சாரத்தோட பிறப்புறுப்புக்கும் தொத்தும்.”

சொக்கன் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தான்.

“கூச்சப்படாம கேளுங்க. நாலு விஷயம். மாத்திரையை விடாம சாப்பிடணும். உதடு குறுகுறுக்க ஆரம்பிச்சதுல இருந்து, பொருக்கு உதிர்ந்து தோல் முழுசா ஆறுற வரைக்கும் முத்தமும் கூடாது, அதுவும் கூடாது. புண்ணே இல்லாத நாள்லகூட சில சமயம் தொத்தும். அதனால வாய்வழி உறவுன்னா நடுவுல மெல்லிய ரப்பர் தாள் வேணும், ஆணுறையை நுனி நறுக்கி நீளவாக்குல வெட்டி விரிச்சாலும் சரி. ஆபத்து குறையும், அடியோட போயிடாது. கடைசியா, சம்சாரத்துக்கிட்ட முன்கூட்டியே மறைக்காம சொல்லிடணும்.”

பஸ் நிறுத்தத்தில் ஆலோசனை நடந்தது.

“நாலு வேலை, நாம நாலு பேரு. டாக்டரம்மா எண்ணிப் பார்த்துத்தாம்ல சொல்லிருக்கு” என்றான் இருளப்பன்.

“பவுனு ஏற்கெனவே நோயச் சுமக்கான். அவன் தலையில பத்தியத்தையும் ஏத்துனா நாமல்லாம் மனுசனா?” என்றான் வேலாண்டி.

பவுன்ராசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது மாத்திரையை ஆளுக்கு ஐந்தாகப் பிரித்தார்கள். முத்தம் கொடுக்காமல் இருப்பது வேலாண்டி பொறுப்பு, ரப்பர் தாள் சொக்கன் பொறுப்பு, சம்சாரத்திடம் சொல்வது இருளப்பன் பொறுப்பு.

மறுநாள் மூவரில் ஒருவருக்கும் கொப்புளம் வரவில்லை. மருந்து நன்றாகக் கேட்கிறது என்று முடிவாயிற்று.

வேலாண்டி தன் மனைவி பக்கமே போகவில்லை. அவள் காரணம் கேட்டாள். “பவுனோட பொண்டாட்டிக்காகத்தான்” என்றான் உள்ளதை உள்ளபடி. அவன் நெற்றியில் இரண்டு தையல் போட வேண்டியிருந்தது.

சொக்கன் விடிந்ததிலிருந்து ரப்பர் தாளை வாயில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எந்த நேரத்துக்கு என்று டாக்டரம்மா சொன்னதை அவன் மறந்துவிட்டதால், சாப்பாட்டுக்கும் எடுக்கவில்லை. மூன்றே நாளில் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

இருளப்பன் தன் மனைவியை உட்காரவைத்துச் சொன்னான்: “மறைக்கக் கூடாது பாரு. எனக்கு ஹெர்பிஸ் இருக்கு.”

“ஐயோ, எங்க?”

“பவுன்ராசு வாயில.”

அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்படி எல்லாம் செவ்வனே முடிந்த திருப்தியில், ஊருக்கு வந்து இறங்கிய தங்கபுஷ்பத்தை வீட்டுக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினான் பவுன்ராசு.

“கிட்ட வராதிய. உதட்டுல என்ன?”

அவன் பெருமையாக விளக்கினான். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் தனியாகவே போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். பெண்பிள்ளை ஒரு வேலையை முழுசாகத் தானே செய்கிறாளே என்று ஊர் மூக்கில் விரலை வைத்தது.

“எனக்கு வந்துட்டா ஆயுசுக்கும் என் உடம்புலயே கிடக்கும். அதையும் உங்க கூட்டாளிக பங்கு போட்டுக்கிடுவாகளா?”

“கேட்டுச் சொல்லுதேன்” என்றான் பவுன்ராசு.

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். அவளென்றால் அவனுக்கு உயிர். அன்றைக்கே போய்ப் புது மாத்திரை வாங்கிவந்து, வாழ்க்கையில் முதல்முறையாக யாருக்கும் பங்கு கொடுக்காமல் தானே விழுங்கினான். பாயை அடுத்த அறைக்கு எடுத்துப் போனான். கூட்டாளிகளுக்குத் துரோகம் செய்வதாக மனசு அடித்துக்கொண்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பத்து நாளில் பொருக்கு உதிர்ந்து உதடு பழையபடி ஆயிற்று. தங்கபுஷ்பம் கிட்டப் போய் உற்றுப் பார்த்துத் திருப்தியானாள். அன்று சாயங்காலம் ஒரு ரப்பர் தாளை எடுத்துத் தலையணை மேல் வைத்தாள். “இது இல்லாம ஒண்ணும் கிடையாது, என்ன?” என்றாள் சிரித்துக்கொண்டே. அவனும் சரியென்றான். சந்தோஷம் தாங்காமல் ஒரு எட்டுப் போய்க் கூட்டாளிகளிடமும் சொல்லிவிட்டு வந்தான்.

இருட்டியதும் கதவு தட்டப்பட்டது. தங்கபுஷ்பம் திறந்தாள். வேலாண்டி, சொக்கன், இருளப்பன் மூவரும் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார்கள்.

“என்னண்ணே, இந்நேரத்துல?”

“தாளு விரிக்கப் போறிகளாமே” என்றான் வேலாண்டி. “பந்தல் துணியோ ரப்பர் தாளோ, தொய்யாம நிக்கணும்னா மூலைக்கு ஒரு ஆளு பிடிக்கணும் தங்கச்சி. நாங்க மூணு பேரு இருக்கோம். பவுனுக்கு வேற சோலி இருக்கும்.”

“அதனால நாலாவது மூலைக்கு உங்க அப்பாவுக்குப் போன் போட்டோம்” என்றான் இருளப்பன். “பஸ் ஏறிட்டாராம்.”