துடைத்த ஈரம்

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, கோத்தகிரிச் சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில் வேலாத்தாளின் பட்டறை இருந்தது. போருக்கு ஓடிக் களைத்து, பட்டாளம் கழித்துவிட்ட வண்டிகள் அங்கே வந்து சேரும். காயலான் கடைகளில் சக்கரம் மண்ணில் புதைந்து, உள்ளே செடி முளைத்துக் கிடக்கும் ஜீப்புகளையும் டிரக்குகளையும் அவள் தேடிப் போய்ப் பிடிப்பாள். லாரியில் ஏற்றி வந்து, ஒரு வருஷமோ மூன்று வருஷமோ உட்கார்ந்து, முதன்முதலாகப் போருக்குக் கிளம்பிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடுவாள். பழைய வண்டிப் பிரியர்கள் பெங்களூரிலிருந்தும் பூனாவிலிருந்தும் அவளைத் தேடி வந்தார்கள்.

அவளுக்கு வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். கணவன் லாரிக்குக் கூண்டு கட்டியவன். அவன் இறந்த பிறகு கூண்டு வேலையை நிறுத்திவிட்டு இதில் இறங்கினாள். ஏன் என்று கேட்டால் சொல்லுகிறவள் இல்லை. பேச்சே குறைவு.

சூசைமாணிக்கம் அவளிடம் தொழில் கற்க வந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு முடிந்திருந்தது. கருமத்தம்பட்டிக்காரர். பட்டாளத்துப் பட்டறையில் பதினெட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பிறகு மேட்டுப்பாளையத்தில் ஒரு மில்லில் காவல் வேலை. ஒருநாள் சைக்கிளில் போகும்போது, பட்டறை வாசலில் லாரியிலிருந்து எதையோ இறக்குவதைப் பார்த்து நின்றார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் விட்டுப் போன ஆம்புலன்ஸ் அது. பாலக்காட்டுச் சாலையில் ஒரு காயலான் கடையில் கோழி அடைக்கும் கூண்டாகக் கிடந்திருக்கிறது. பக்கவாட்டில் சிவப்புச் சிலுவையின் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது.

சூசை அன்று வேலைக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்து, அந்த வண்டியில் வேலை செய்ய விட வேண்டும் என்று கேட்டார்.

இன்ஜினுக்கு ஆள் இருக்கிறது, துரு சுரண்டத் தெரியுமா என்று வேலாத்தாள் கேட்டாள். தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்றார்.

தன்னைவிட இளையவளை அவர் மேஸ்திரியம்மா என்று அழைத்தார். அவள் அவரை அண்ணா என்றாள். ஆனால் ஒரு வருஷம் முழுக்கத் துருவைத் தவிர வேறெதையும் தொட விடவில்லை. ஒருமுறை கதவுத் தகட்டில் இருந்த பள்ளத்தைத் தட்டி எடுக்கச் சோம்பி, பட்டி பூசி மட்டமாக்கி, மேலே வண்ணமும் அடித்துவிட்டார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேலாத்தாள் விரல் கணுவால் தகட்டை நெடுகத் தட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்டது. சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவர் எதையும் பூசி மறைக்கவில்லை.

மூன்றாம் வருஷம் வண்டி எழுந்து நின்றது. உள்ளே பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்ட்ரெச்சர்கள். வெள்ளைச் சதுரத்தில் சிவப்புச் சிலுவை. இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது.

பிரேக் மட்டும் முடியவில்லை. அதைச் சூசை யாரிடமும் விடவில்லை. எல்லாம் பூட்டி, பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் சேர்ந்த காற்றை வெளியே எடுத்து முடிப்பார். மறுநாள் வந்து எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்புவார். மூன்று முறை இப்படி நடந்தது. பட்டறை ஆட்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். வேலாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியை வாங்குகிறவர் குன்னூர் எஸ்டேட்காரர். டிரெய்லர் அனுப்பி ஏற்றிக்கொள்கிறேன், கொட்டகையில் பார்வைக்கு நிறுத்தப் போகிறேன், அது ஓட வேண்டும் என்றே இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேட்டதும் சூசையின் முகம் தெளிந்தது. நிறுத்தி வைக்கிற வண்டிதானே, பிரேக் இருக்கிறபடி இருக்கட்டும் என்றார். வேலாத்தாள் ஸ்ட்ரெச்சரின் கித்தான் துணியைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

சற்றுப் பொறுத்து அவரே கேட்டார்.

"மேஸ்திரியம்மா, ஒரு வண்டி சரியாயிருச்சுன்னு எதை வெச்சுங்க சொல்றது?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஞாயித்துக்கெழமை கோத்தகிரி வரைக்கும் போயிட்டு வரலாமுங்கண்ணா."

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடித்துக்கொண்டு சூசை வந்தார். பிரேக்கை நான்காம் முறையாகப் பூட்டியிருந்தார். முந்தின நாள்தான் ஆயில் நிரப்பியிருந்தார். வேலாத்தாள் முன்னால் அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

ஏறுவதில் ஒன்றும் சிரமமில்லை. வண்டி முனகிக்கொண்டே இரண்டாம் கியரில் ஏறியது. எதிரே வந்த பஸ்காரர்கள் சிலுவையைப் பார்த்துத் தாமாகவே ஒதுங்கி வழி விட்டார்கள். கோத்தகிரியில் டீ குடித்தார்கள். டம்ளரை வைத்துவிட்டு வேலாத்தாள் வண்டியின் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே ஏறி, கீழ் ஸ்ட்ரெச்சரில் தலை டிரைவர் பக்கம் இருக்கும்படி நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

சூசைக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்னால் வந்து உட்காரும்படி கேட்டார்.

"இது படுத்துட்டுப் போற வண்டிதானுங்களே" என்றாள். "பெல்ட்டைக் கட்டுங்க."

"எதுக்குங்க இது?"

"கட்டுங்கண்ணா."

மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, முழங்காலில் ஒன்று. மூன்றையும் கட்டினார். பட்டாளத்து முறைப்படி கைகளும் உள்ளே போய்விட்டன. இனி அவர் வந்து அவிழ்த்தால்தான் அவளால் எழுந்திருக்க முடியும். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சூசை கதவைச் சாத்தி, முன்னால் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

இறக்கம் தொடங்கியது. முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது. மூன்றாவது கொண்டை ஊசியில் மிதித்தபோது, கால் ஒரு விரற்கடை கூடுதலாக உள்ளே போன மாதிரி இருந்தது. போனதா, மனசுதான் அப்படிச் சொல்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. சாலை அகன்றிருந்த இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்தார். பிறகு முன்பக்கம் அடியில் புகுந்தார்.

இடது முன்சக்கரத்துக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ், இரும்பு மூடிக்குள் நுழைகிற இடத்தில் மினுங்கியது. விரலால் தொட்டு முகர்ந்தார். பிரேக் ஆயில். நேற்று நிரப்பும்போது சிந்தியதாக இருக்கலாம். உள்ளேயிருந்து கசிவதாகவும் இருக்கலாம். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்.

துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், வடக்கே ஒரு பனிமலைப் பாதையில், இதே மாதிரி வண்டிக்கு அடியில் அவர் இப்படித்தான் கிடந்தார். சண்டை நடந்துகொண்டிருந்தது. மேலே நான்கு ஸ்ட்ரெச்சரிலும் காயம்பட்டவர்கள். டாக்டர் சீக்கிரம், சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருந்தார். குளிரில் விரல் மரத்துப் போயிருந்தது. ஹோஸில் ஈரம் தெரிந்தது. பனி உருகிய தண்ணீரா, ஆயிலா என்று சொல்ல முடியவில்லை. துணியால் துடைத்தார். காய்ந்து இருந்தது. வெளியே வந்து, டிரைவர் பல்தேவிடம் போகலாம் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான்காவது வளைவில் வண்டி பள்ளத்தில் போய்விட்டது. பல்தேவோடு சேர்த்து ஐந்து பேரும் இறந்துபோனார்கள். விசாரணையில் சாலையில் உறைந்திருந்த பனிதான் காரணம் என்று எழுதினார்கள். ஹோஸைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட, சாமியார் முன்னால் முழங்காலிட்டு, வேறு எதையாவது சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

இப்போது சொன்னார். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே, முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். தளத்துத் தகடு ஒன்றுதான் இரண்டு பேருக்கும் நடுவே இருந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. தூங்கிவிட்டாளோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"தொடச்சுட்டு எத்தனை நேரம் பார்த்தீங்க?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"பார்க்கலைங்க. தொடச்சேன். காஞ்சிருந்துச்சு. கையைக் காட்டிட்டேன்."

"இப்பப் பாருங்க" என்றாள். "எனக்கு அவசரமில்லைங்க."

சூசை வெளியே வந்து ஏறி உட்கார்ந்து, பிரேக்கைப் பத்து முறை முழு பலத்தோடு மிதித்தார். மறுபடி அடியில் போய்ப் படுத்தார். ஹோஸ் காய்ந்திருந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சரளைக்கல் முதுகில் குத்தியது. பஸ் ஒன்று புழுதி கிளப்பிப் போனது. உருளைக்கிழங்கு லாரி ஒன்று நின்றது. டிரைவர் குனிந்து பார்த்து, உதவி வேண்டுமா, உள்ளே பேஷண்ட் இருக்கிறாரா என்று கேட்டான்.

"இருக்காங்க" என்றார் சூசை. "வேண்டாமுங்க, நீங்க போங்க."

பத்து நிமிஷம் ஆயிற்று. காய்ந்துதான் இருந்தது. எழுந்துவிடலாம், நேற்றுச் சிந்தியதுதான் என்று மனசு சொன்னது. வெயில் சக்கரத்தைத் தாண்டி அவர் காலுக்கு வந்தது. மேலே படுத்திருந்தவள் ஒருமுறைகூட என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. மறுபடி ஏறி மிதித்துவிட்டு வந்து படுத்தார்.

அரை மணி நேரம் கழித்து மூடியின் விளிம்பு மெல்ல மினுங்கியது. மினுக்கம் கூடிக் கூடி ஒரு துளியாகத் திரண்டது. விழவில்லை. அங்கேயே தொங்கிக்கொண்டு நின்றது.

சூசை வெகுநேரம் அதைப் பார்த்தார். துடைக்கவில்லை.

பிறகு வெளியே வந்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, பின்கதவைத் திறந்தார்.

"வண்டி போகாதுங்க, மேஸ்திரியம்மா. ஹோஸ் ஒழுகுது."

அந்த வார்த்தையைச் சொல்லி முடித்ததும் கதவைப் பிடித்துக்கொண்டார். அவள் சரி என்று தலையை மட்டும் அசைத்தாள். அவர் உள்ளே ஏறி பெல்ட்டை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். முழங்கால், இடுப்பு. மார்புக் கொக்கியை அவிழ்க்க அவளுக்கு மிக அருகில் குனிந்தார். அப்போது கேட்டார்.

"அப்ப அன்னைக்கும் இதேதானுங்களா? இல்ல, பனிதானுங்களா?"

வேலாத்தாள் எழுந்து உட்கார்ந்தாள். மரத்துப் போயிருந்த கையைத் தேய்த்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த வண்டியில நான் படுத்திருக்கலைங்களே அண்ணா. இதுல படுத்திருந்தது நானு. கையைக் குடுங்க, இறங்கோணும்."