அருட்கோல் எழுப்பிய நண்பர்

மேகநாடு என்ற கணினி விளையாட்டில் கனகசபைக்கு அருட்கோல் கிடைத்தது. பனிநாகத்தை வென்றவருக்கு வானதேவி தரும் கோல் அது. விழுந்த வீரர் யாரையும் எழுப்பும்.

கோலை எடுத்துக்கொண்டு அவர் நேராகத் தன் குருவிடம் போனார். குருவின் பெயர் கொடிமலர். ஈரோட்டில் இருந்து விளையாடுகிறவள். கனகசபையின் வயதில் பாதிகூட இருக்காது. அவருக்கு வாள் பிடிக்கக் கற்றுத்தந்தவள் அவள்தான். ஹெட்போன் வழியே அவளிடம் கேட்டார்.

"குருவே, லூர்துவ எழுப்பலாமா?"

லூர்துசாமியும் கனகசபையும் விருதுநகர் தபால் நிலையத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஓய்வு பெற்றதும் நண்பரை இந்த விளையாட்டுக்குள் இழுத்து வந்தவர் லூர்துசாமி. விளையாட்டில் அவருடைய வீரன் கல்பாலத்துப் போரில் விழுந்தான். அவனை மீட்க லூர்துசாமி வரவில்லை. அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார். வீரன் மட்டும் பாலத்திலேயே கிடந்தான்.

கொடிமலர் தன் வாளை உறையில் போட்டாள்.

"எழுப்புங்க ஐயா. நானும் கூட வரேன்."

பாலத்தில் கனகசபை கோலை நீட்டினார். பொன்னிற ஒளி பரவியது. வீரன் எழுந்தான். அதே பச்சை அங்கி, அதே கோணல் தொப்பி.

"டேய் லூர்து!"



கனகசபை ஓரடி நடந்தார். வீரனும் ஓரடி நடந்தான். அவர் நின்றார். அவனும் நின்றான். பாலத்தின் கடைசிவரை போய்த் திரும்பினார். நிழல்போலப் பின்னாலேயே வந்தான்.

"ஏன் குருவே என் பின்னாடியே வரான்?"

"கோல் எழுப்பினவங்க அப்படித்தான், ஐயா. கோல் வச்சிருக்கவங்க பின்னாடி வருவாங்க."

கனகசபை சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"இவன் ஒருநாளும் என் பின்னாடி வந்ததில்லம்மா. காட்டப் பாத்தா ஓடுவான், குகையப் பாத்தா ஓடுவான். உள்ள என்ன இருக்குன்னு பாக்கவே மாட்டான். 'நில்லுடா, நில்லுடா'ன்னு கத்திக்கிட்டே நான் போவேன். வேலைக்குப் போற காலத்துலயும் அப்படித்தான். சைக்கிள்ல அவன் முன்னால, நான் பின்னால."

வீரன் அசையாமல் நின்றான்.

"இவன மறுபடி படுக்க வைக்க முடியுமா?"

"கோலைக் கீழ வச்சிடுங்க. ஆனா அது திரும்பக் கிடைக்காது."

கனகசபை தொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோலைக் கல்லின்மேல் வைத்தார். ஒளி அடங்கியது. வீரன் மெல்லச் சாய்ந்து படுத்தான்.

பாலத்துக்கு அப்பால் மூங்கில் காடு. அதற்குள் லூர்துசாமியும் கனகசபையும் போனதே இல்லை.

"இனி நான் என்ன செய்ய, குருவே?"

"ஓடுங்க ஐயா," என்றாள் கொடிமலர். "நான் பின்னாடி கத்திக்கிட்டே வரேன்."