செங்காட்டுக்குப் பகல் கரண்டு வந்த நாள்

செங்காட்டு மடத்தில் பெரிய கூட்டம் கிடையாது. ஒரு சமாதி, ஒரு கிணறு, இரண்டையும் பார்த்துக்கொள்ளும் வடிவம்மை, அவ்வளவுதான். ஊர் அவரை மடத்தம்மா என்று கூப்பிட்டது. நாற்பதைத் தாண்டியவர். அவருக்கு ஒரே ஒரு சீடர், சொரிமுத்து. சீடருக்கு அறுபத்தைந்து.

தன்னைவிட மூத்த சீடரை என்னவென்று கூப்பிடுவது? மடத்தம்மா அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்.

சொரிமுத்து ஞானம் தேடி மடத்துக்கு வந்தவர் அல்ல. மேட்டுப்பட்டி குற்றாலிங்கத்தின் மேல் அவருக்கு ஒரு கோபம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. மடத்தில் உட்கார்ந்தால் இறங்கியது. அப்படியே தங்கிவிட்டார்.

கோபம் சும்மா வந்ததும் அல்ல. முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்துக்கு மோட்டார் கரண்டு வந்தபோது, கம்பங்கள் வரிசையாக நட்டுக்கொண்டே வந்து குற்றாலிங்கத்தின் மாந்தோப்போடு நின்றுவிட்டன. அடுத்த ஊர் செங்காடு. நாலு கம்பம் நட்டிருந்தால் வந்திருக்கும். ஆனால் ஆபீசில் எல்லோரும் குற்றாலிங்கத்துக்கு வேண்டியவர்கள். கம்பியை இன்னும் கீழே இழுத்தால் தன் மோட்டாருக்கு இழுவை குறையும் என்று அவர் சொன்னார், அவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

பிற்பாடு வீட்டு விளக்குக்கு மட்டும் ஒரு மெல்லிய கம்பி வந்தது. மோட்டாருக்கு வரவில்லை. கிணற்றில் தண்ணீர் கிடக்கும்போதே பயிர் காய்ந்த ஊர் என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது செங்காடுதான். சொரிமுத்துவின் வயலில் முதலில் மிளகாய் போனது, அப்புறம் வெங்காயம் போனது, கடைசியில் சீமைக்கருவேலம் வந்து குடியேறியது.

அன்றிலிருந்து சொரிமுத்து மாம்பழம் சாப்பிடுவதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நாட்டில் ஒரு புதுச் சட்டம் வந்தது. தரிசாகக் கிடக்கிற நிலத்தில் ஊரார் சேர்ந்து சோலார் நிலையம் வைக்கலாம். செலவில் பெரும்பகுதி மானியம். பகல் முழுக்க ஊர் மோட்டார்கள் ஓடும். ஊருக்கு மிஞ்சியது பொதுக் கம்பியில் ஏறிவிட வேண்டும்.

செங்காட்டில் தரிசுக்கா பஞ்சம்? சொரிமுத்து தன் நிலத்தையே கொடுக்கிறேன் என்றார். ஊரே அவரைத் தூக்கிக் கொண்டாடியது. மறுநாள் காலையில் அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மடத்தம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, சட்டத்துல ஒரு கோணல் இருக்கு."

"என்ன கோணல்?"

"மிஞ்சின கரண்டு பொதுக் கம்பியில ஏறணுமாம். அந்தக் கம்பி இங்கேருந்து கெளம்புனா மொதல்ல எங்க போகும்? மேட்டுப்பட்டிக்கு. அவன் தோப்புக்கு."

"அங்கதான் ஏற்கெனவே கரண்டு இருக்கே?"

"ராத்திரியிலதான வருது. டார்ச்சு லைட்டப் புடிச்சுக்கிட்டு, பாம்புக்குப் பயந்துக்கிட்டு தண்ணி பாய்ச்சுறான். இப்ப நம்ம புண்ணியத்துல பகல்ல பாய்ச்சுவான். என் நெலத்துல விழுற வெயிலு அவன் மோட்டார ஓட்டணுமா?"

மடத்தம்மா கிணற்றில் வாளியை இறக்கிக்கொண்டே சொன்னார்: "அப்ப செங்காட்டுக்குக் கரண்டே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துருவமா?"

சொரிமுத்து போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். போடும்போது பல்லைக் கடித்தது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது.

நிலையம் எழும்பியது. கருவேலம் நின்ற இடத்தில் நீல நீலமாகச் சோலார் தகடுகள் வரிசை கட்டி நின்றன. ஊரார் நம்பிக்கையோடு கிணறுகளில் மோட்டார் இறக்கி, நாற்றுப் பாவி, நடவும் முடித்துவிட்டார்கள். சோதனை ஒன்றுதான் பாக்கி. அரசு இன்ஜினீயர் வருவார், கரண்டு எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார், போதுமென்றால் சுவிட்சைப் போட்டுக் கம்பியோடு சேர்த்துவிடுவார். போதாதென்றால் அடுத்த வருஷம். அதுவரை நாற்று பிழைக்காது.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் சொரிமுத்து டவுனிலிருந்து ஒரு பிளக்ஸ் போர்டு கொண்டுவந்து இறக்கினார். சின்ன போர்டு அல்ல. கல்யாண மண்டப வாசலில் வைப்பார்களே, அந்த அளவு. நடுவில் உதயசூரியன். சூரியனுக்கு முன்னால் கைகூப்பியபடி சொரிமுத்து. கீழே இப்படி எழுத்து:

"கொடுக்க மறுத்தவர்களுக்கும் கொடுக்க வந்தோம். இவண், செங்காட்டு மக்கள்."

"இது எதுக்கு அண்ணாச்சி?" என்று மடத்தம்மா கேட்டார்.

"கொடுக்குறது சட்டம் அம்மா. சொல்லிக்காட்டிக் கொடுக்குறது என் உரிமை."

மேட்டுப்பட்டி தென்கிழக்கு மேட்டில் இருந்தது. குற்றாலிங்கம் காலையில் எழுந்து பல் விளக்கும்போது கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, நிலையத்தின் தென்கிழக்கு ஓரத்தில் நெட்டை நெட்டையாகச் சவுக்குக் கம்பு நட்டு, போர்டை உச்சியில் கட்டினார்கள். சாயங்கால நேரம், அதன் நிழல் பாதைப் பக்கமாக விழுந்தது. யாரும் ஒன்றும் யோசிக்கவில்லை.

விடிந்தது. மார்கழி வெயில், சுத்தமான வானம். மேளம் வந்தது. பெண்கள் குலவையிடத் தயாராக நின்றார்கள். மைதீன் என்ற இளம் இன்ஜினீயர் வந்து, கரண்டு அளக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார். தலையைத் திருப்பித் தகடுகளைப் பார்த்தார்.

"பெரியவரே, அந்தப் போர்டை யாரு வச்சது?"

"நான்தான் தம்பி. நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. அதோட நிழல் முன் வரிசையில விழுது. ஒரு வரிசையில கொஞ்சம் நிழல் விழுந்தாலே வரிசை முழுக்கச் சோர்ந்துரும். எறக்குங்க."

"மத்தியானம் நிழல் சுருங்கிரும் தம்பி."

"மத்தியானம் நான் அடுத்த ஊர்ல இருக்கணும். இந்த வருஷச் சோதனைக்கு இன்னிக்குத்தான் கடைசி."

எறக்கிரலாம் என்று சொரிமுத்துவும் ஒரு நொடி நினைத்தார். அந்த நொடியில்தான் பாதையில் ஒரு கறுப்புக் குடை வந்து நின்றது. குடைக்குக் கீழே குற்றாலிங்கம். போர்டை எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தார். பெட்டியைச் சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"என்ன வே சொரிமுத்து, சூரியனப் புடிச்சு ஒம்ம மண்டைக்குப் பின்னால மாட்டி வச்சிட்டீராக்கும்? அதான் அது வெளிய வர மாட்டேங்குது!"

மேளக்காரன்கூடச் சிரித்துவிட்டான்.

 "எறக்க மாட்டேன்" என்றார் சொரிமுத்து.

"சித்தப்பா, நாத்து நட்டுட்டு நிக்கோம்" என்றாள் ஒருத்தி.

"தெரியும்."

"பெறவு என்ன? எறக்கிரும்."

"அவன் முன்னால அத எறக்குறதுக்குப் பதிலா என்னையப் பாடையில ஏத்துங்க."

மைதீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நிலம் கொடுத்த மனிதர், கையைப் பிடித்து இழுக்கவும் முடியாது. சொரிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு மடத்தம்மாவிடம் போனார்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க. முப்பது வருஷத்துப் பகை. அவன் சிரிக்கச் சிரிக்க நான் இத எறக்கணுமா?"

மடத்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தகடுகளின் முன் வரிசைக்கு நடந்தார். அங்கே தரையிலும் போர்டின் நிழல் கறுப்பு ஜமக்காளம் மாதிரி விரிந்து கிடந்தது. அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"அண்ணாச்சி, இங்க வாங்க."

சொரிமுத்து போனார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"குளுகுளுன்னு இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"நான் அந்தப் பக்கம் போனதில்ல. குற்றாலிங்கம் அண்ணாச்சி தோப்புல நிழல் இப்பிடித்தான் இருக்குமோ?"

சொரிமுத்து மடத்தம்மாவின் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தார். நிழலுக்கு அந்தப் பக்கம், ஓடாத மோட்டாரையும் வாடப்போகிற நாற்றையும் வைத்துக்கொண்டு, செங்காடு நின்றிருந்தது.

ரொம்ப நேரம் உட்காரவில்லை. எழுந்தார். எவனோ இடுப்பில் வைத்திருந்த அரிவாளைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு சவுக்குக் கம்பில் ஏறினார். அறுபத்தைந்து வயதில் அந்த ஏற்றத்தை எவரும் எதிர்பார்க்கவில்லை. "மெதுவா, மெதுவா" என்று கீழே கத்தினார்கள்.

"என்னவே, கடைசியில எறங்கிட்டீரா?" என்றார் குற்றாலிங்கம் பாதையிலிருந்து.

"நான் ஏறிக்கிட்டுல்லா இருக்கேன், கண்ணு தெரியலியா வே?" என்றார் சொரிமுத்து, அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு.

ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. போர்டு பாய்மரம் மாதிரி ஒரு தடவை உப்பிவிட்டுப் படாரென்று தரையில் விழுந்தது.

முன் வரிசை முழுக்க வெயில் பாய்ந்தது.

மைதீன் பெட்டியின் மேல் குனிந்தார். எண் ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. அவர் எண்ணைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். செங்காட்டில் அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரிந்தவர் யாரும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் கூட்டம் ஆர்ப்பரித்தது. போதும் என்கிற அளவைத் தாண்டி, அதற்கு மேலும் கொஞ்சம் போனது.

"தேறிருச்சு பெரியவரே" என்றார் மைதீன். "போடுங்க சுவிட்ச."

சொரிமுத்து கம்பிலிருந்து சறுக்கி இறங்கி, வேர்வைக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போட்டார்.

முதலில் கிணற்று மோட்டாரிலிருந்து ஒரு உறுமல். அப்புறம் குழாய் இரண்டு தடவை இருமி, செம்மண் கலரில் கொஞ்சம் துப்பியது. அதற்கப்புறம் வந்தது பாருங்கள் தண்ணீர்! பட்டப்பகலில், கை தடிமனுக்கு, வெள்ளையாக. பெண்கள் குலவையிட்டார்கள். மேளம் தன்பாட்டுக்கு அடித்தது. கிழவர்கள் வாய்க்காலில் இறங்கி, தண்ணீருக்கு முன்னால் பிள்ளைகளைப் போல ஓடினார்கள். அன்று செங்காட்டில் நனையாத ஆள் கிடையாது. மைதீனையும் தூக்கிப் போட்டார்கள்.

அந்த ஆரவாரத்தில் குற்றாலிங்கத்தின் செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் அவர் மகன் போட்ட கத்தல் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது: "எப்பா, பகல்ல கரண்டு வந்திருக்கு! தோப்புல மோட்டார் ஓடுது!"

குற்றாலிங்கம் போனைச் சட்டைப் பையில் போட்டார். குடையை மடக்கினார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி விரித்தார்.

சொரிமுத்து ஈர வேட்டியோடு அவர் எதிரில் வந்து நின்றார். ஊர் பேச்சை நிறுத்திக் கவனித்தது. அடிதான் விழப்போகிறது என்று சிலர் நினைத்தார்கள்.

"வந்தவரு சும்மா போகக் கூடாது" என்றார் சொரிமுத்து. "செங்காட்டுத் தண்ணி. ஒரு வாய் குடிச்சிட்டுப் போவும்."

குற்றாலிங்கம் தயங்கினார். வெயில் ஏறிவிட்டது, நாக்கும் வறண்டிருந்தது. குடையைத் தரையில் வைத்தார். குழாய்க்கு முன்னால் குனிந்து, இரண்டு கையையும் ஏந்திக் குடித்தார். முதுகை வளைத்துப் பழக்கம் இல்லாத மனிதர். நிமிர நேரம் எடுத்தது. செங்காடு மொத்தமும் நின்று பார்த்தது.

"நல்ல தண்ணி வே" என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"எப்பவுமே நல்ல தண்ணிதான்" என்றார் சொரிமுத்து.

வெயில் தாழ்ந்த பிறகு, நாற்றுக்கெல்லாம் தண்ணீர் பாய்ந்து முடிந்த பிறகு, சொரிமுத்து மடத்துக்கு வந்தார். காலில் சேறு காய்ந்திருந்தது. முகம் கல்யாண வீட்டு முகமாக இருந்தது. ஆனாலும் வந்து உட்கார்ந்ததும் தரையைக் கீறிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஜெயிச்சாச்சே?"

"ஜெயிச்சாச்சு அம்மா. அவன் குனிஞ்சு குடிச்சதப் பாத்துட்டேன். இனிமே செத்தாலும் பரவால்ல. ஆனா ஒண்ணு மட்டும் ஆற மாட்டேங்குது."

"சொல்லுங்க."

"இந்தச் சட்டத்த எங்கயோ ஒரு பெரிய ஆபீசுல உக்காந்து எழுதுனாங்களே, அவங்களுக்கு இந்தக் குற்றாலிங்கத்தப் பத்தித் தெரிஞ்சிருந்தா, அவனுக்கும் கொடுக்கணும்னு எழுதியிருப்பாங்களா?"

"அவங்களுக்கு அவரத் தெரியாது அண்ணாச்சி."

"அதத்தான அம்மா நானும் சொல்றேன்!"

மடத்தம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டே சொன்னார்:

"உங்களயும் தெரியாது."