ஆமென் சொன்னவர்கள்

"அண்ணாச்சி, நான் பண்ணுற ஜெபம் ஒண்ணும் கேக்கப்பட மாட்டேங்குது" என்றார் திருச்சபைக் குரு மாசிலாமணி ஐயர்.

அருமைநாயகம் தலை நிமிரவில்லை. அவருக்கு முன்னால் புளி குவிந்து கிடந்தது. ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துத் தகர டின்னில் போட்டார்.

"அப்படின்னு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? கண்ணால பாக்கேன். முந்நூறு பேர் உக்காருற கோவில். ஞாயித்துக்கிழமை இருபது பேர் வந்தா ஸ்தோத்திரம்."

"தேர்தலுக்கு எத்தனை பேர் வந்தாங்க?"



சபைகளை நடத்தும் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிற திருமண்டலத் தேர்தல் அன்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். ஆராதனைக்கு வர முடியாத கிழவர்களை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அந்தச் சபை உயிர்த்தெழுவது மூன்று வருடத்துக்கு ஒருமுறை. மாலை ஐந்து மணிக்கு வாக்குப்பெட்டியை மூடியதும் திரும்பவும் அடக்கமாகிவிடும்.

இருவரும் ஒரே இறையியல் கல்லூரியில் படித்தவர்கள். அருமைநாயகம் ஒரு வகுப்பு மேலே. குருப்பட்டம் வாங்கிய பிறகு, சபைப் பள்ளிக்கூடத்து ஆயாக்கள் சம்பளம் கேட்டு வாசலில் உட்கார்ந்தபோது, அவர் அங்கியோடு போய் அவர்கள் நடுவில் தரையில் உட்கார்ந்தார். திருமண்டலத்தார் அங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தரையை அவருக்கே விட்டுவிட்டார்கள். புளி மண்டிக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில், அந்தத் தரையில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த ஆயாக்களுக்காக மாசிலாமணியும் அன்றைக்கு ஜெபித்தார். தன் வீட்டிலிருந்து.

"எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன் அண்ணாச்சி. உபவாசக் கூட்டம் போட்டேன். முழு இராத்திரி ஜெபம் வச்சேன். எழுப்புதல் கூட்டத்துக்கு கிடார் வாசிக்கிற பிரசங்கியாரைக் கூட்டிட்டு வந்தேன். வராதவங்க காதுலயாவது விழட்டும்னு கோபுரத்துல ஒலிபெருக்கி கட்டினேன்."

"விழுந்துச்சா?"

"கேலி பண்ணாதீங்க. இந்த வருஷத்தோட கோவிலைப் பூட்டி, பக்கத்து ஊர்ச் சபையோட சேத்துருவாங்க. அதுக்கு முந்தி நானே ராஜினாமா பண்ணிரலாம்னு இருக்கேன். கண்ணை மூடினா வார்த்தை வருது, வேற ஒண்ணும் வரல. இருக்கவா, போகவா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அருமைநாயகம் ஒரு புளியை உடைத்தார்.

"ஞாயித்துக்கிழமை எப்படி ஜெபம் பண்ணுதீரு? பண்ணிக் காட்டும்வே."

மாசிலாமணி கண்களை மூடினார். பழகிய தடத்தில் வண்டி ஓடியது. பேராயருக்காக, திருமண்டல நிர்வாகிகளுக்காக, நாட்டை ஆளுகிறவர்களுக்காக, பருவமழைக்காக, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக. பிறகு நோயாளிகள்.

"வயிற்றில் கட்டியினால் வேதனைப்படுகிற உமது அடியான் தங்கக்கண்ணைத் தேவரீர் நினைத்தருளி, அவருக்குப் பூரண சுகத்தைக் கட்டளையிட்டு..."

"நிறுத்தும். தங்கக்கண் எப்படி இருக்காரு?"

"சுகமில்லாம இருக்காரு."

"அதான் ஆண்டவருக்கே சொல்லிட்டீரே. நான் கேட்டது, நீரு போய்ப் பாத்தீரான்னு."

"எனக்கு மூணு ஊரு அண்ணாச்சி. ஏழு மணிக்கு ஒரு ஆராதனை, ஒம்பதுக்கு ஒண்ணு, பதினொண்ணுக்கு ஒண்ணு. பைக்கை விட்டு இறங்குனா அங்கி, அங்கியைக் கழத்துனா பைக். நோயாளிங்க பேரைச் சபைச் செயலாளர் கொர்னேலியு சொல்லுவாரு. நான் ஜெபத்துல சேத்துக்கிடுவேன்."

"கூட்டம் ஆமென் சொல்லுதா?"

"சொல்லுது."

"சரி. போய்ப் பாத்துட்டு வாரும். தங்கக்கண் சுகமாயிருந்தா ஸ்தோத்திர ஜெபம் பண்ணும். இல்லன்னா ராஜினாமா பண்ணும்."

அவர் சிரிக்கவில்லை. மாசிலாமணிக்கும் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மாசிலாமணி அந்தக் கோவில் இருக்கிற கிருபைப்புரத்தில் பைக்கை விட்டு இறங்கினார். தங்கக்கண் வீடு எது என்று தெருமுனையில் ஒருத்தியிடம் கேட்டார். அவள் ஞாயிறு தவறாமல் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாயால் சொல்லாமல் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோவிலுக்குப் பின்னால் இரண்டாம் தெரு. முற்றத்து வேப்பமர நிழலில் தங்கக்கண்ணின் மனைவி பரிபூரணம் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தங்கக்கண் அண்ணன் எப்படி இருக்காரு? பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவள் தட்டை இறக்கி வைத்தாள்.

"லெந்துக்கு முந்தியே போயிட்டாவய்யா."

"எங்க?"

கேட்ட பிறகுதான் அவருக்குப் புரிந்தது. லெந்து என்கிற நாற்பது நாள் நோன்பு முடிந்து, ஈஸ்டர் முடிந்து, கோடையும் பாதி போயிருந்தது. மூன்று மாதமாக ஞாயிறுதோறும் அவர் அந்த மனிதனுக்குச் சுகம் கேட்டிருக்கிறார்.

"எனக்கு யாரும் சொல்லலியேம்மா. சாவு மணிகூட அடிக்கலியே."

"யாரு அடிப்பா? மணிக்கயிறும் கொர்னேலியு கையில. கல்லறைத் தோட்டத்துச் சாவியும் அவரு இடுப்புல. பெட்டியைக் கொண்டு போயி வாசல்ல இறக்கினோம். தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போட்டானோ அவனை வந்து குழி வெட்டச் சொல்லுன்னுட்டாரு. வெயிலு ஏறிட்டு. எவ்வளவு நேரம் வச்சிருக்க? ஓடைப் புறம்போக்குல அடக்கம் பண்ணினோம். பெந்தெகொஸ்தே பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினாரு."

"எனக்கு ஆள் அனுப்பியிருக்கலாமே."

"ஐயருக்குத் தெரியும், அவரும் வரமாட்டேன்னுட்டாருன்னு கொர்னேலியு சொன்னாரு. நம்பினோம். நம்புற மாதிரித்தான இருந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒலிபெருக்கியில அவிய பேரைச் சொல்லி, பூரண சுகம் குடும்னு கேட்டீங்க. அப்பத்தான் உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சுது."

"அப்பவாவது வந்து சொல்லியிருக்கலாம்லாம்மா?"

"மகன் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். நாந்தான் இருடேன்னு பிடிச்சு வச்சேன்."

"ஏன்?"

பரிபூரணம் ஓர் இலையை எடுத்து அளவு பார்த்து வெட்டினாள்.

"நீங்க பேரைச் சொல்லி முடிச்சதும் எல்லாரும் ஆமென் சொல்லுதாங்கல்லா? கொர்னேலியு மைக்குக்குப் பக்கத்துலதான் உக்காருவாரு. அவரு குரலு தனியாத் தெரியும். ஆறடி மண்ணு குடுக்காத வாயி, தங்கக்கண்ணு நல்லாயிருக்கணும்னு வாரவாரம் ஊரறியச் சொல்லுது. அதைக் கேக்கத்தான் ஞாயித்துக்கிழமை தவறாம இதே இடத்துல உக்காந்திருக்கேன்."



"என்னை மன்னிச்சிரும்மா."

"அது கிடக்கட்டும். வார ஞாயித்துக்கிழமை பேரைச் சொல்லாம விட்டுறாதீங்க."

அவர் ஓடைக்கு நடந்து போனார். கருவேல முள்ளுக்கு நடுவில் ஒரு மண்மேடு. பனைமட்டையைக் குறுக்கே கட்டி நட்டிருந்தார்கள். ஆடு ஒன்று அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் அதை விரட்டவில்லை.

இருபது பேருக்கும் தெரியும். அந்தப் பாதையில்தான் அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், அந்தக் குழியைத் தாண்டித்தான் வீடு திரும்புகிறார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்து, குழியில் இருப்பவன் படுக்கையை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்று ஆமென் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்குக் கொர்னேலியுவிடம் பயம். தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டும். மற்றவர்களுக்கு அதுகூட இல்லை. ஐயர் என்ன சொல்கிறார் என்று அவர்கள் காது கொடுத்ததே இல்லை.

ஐயரும் காது கொடுத்ததில்லை. அதை நினைத்தபோது அவர் முள்ளைக்கூடப் பாராமல் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் புளி மண்டிக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னார்.

அருமைநாயகத்தின் கை நடுவில் ஒருமுறை நின்றது. பிறகு ஓடியது.

"செத்தவங்களுக்கு ஜெபம் பண்ண நம்ம சபையில வழியில்ல அண்ணாச்சி. பேரைச் சொன்னா பொய். சொல்லாம விட்டா அந்தம்மாவுக்கு நானும் கதவைச் சாத்துன மாதிரி. நான் என்னதான் பண்ண?"

அருமைநாயகம் டின்னை நிறைத்தார். பிறகு அதைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"அப்போ உசிரோட இருக்கிறவங்களுக்குப் பண்ணும்."

"ராஜினாமா?"

"அதை அவங்க பாத்துக்கிடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை. முதல் பாட்டு, பாவ அறிக்கை, சங்கீதம், வேதபாடம். எல்லாம் அதனதன் இடத்தில் நடந்தன. பாவ அறிக்கையை எல்லோரும் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

"ஜெபம் பண்ணுவோம்."

தலைகள் குனிந்தன. மாசிலாமணி குரலை மாற்றவில்லை. பேராயர், நிர்வாகிகள், ஆளுகிறவர்கள், மழை, பிள்ளைகள். எல்லாம் அதே ராகம், அதே இழுவை. இந்த முறை அவர் கண்களை மட்டும் மூடவில்லை.

"கர்த்தாவே, உமது அடியான் தங்கக்கண் மரித்துப்போனார். அவருடைய பிரேதத்தை வாசலில் நிறுத்தி, கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறக்க மறுத்தவரையும், அதை அறிந்தும் வாய் திறவாத இந்தச் சபையாரையும், அந்த வீட்டுப் படியை ஒருநாளும் மிதியாத இந்தக் குருவையும் தேவரீர் நியாயந்தீர்த்தருளும்."

மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி கண்ணைத் திறந்தாள். ஓலை விசிறி ஒன்று நின்றது. பின்னால் யாருடைய பாமாலைப் புத்தகமோ கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"எங்களில் ஒருவரையும் தப்பவிடாதேயும். எங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யும்."

முன் பெஞ்சில் கொர்னேலியு கண்களை இறுக மூடியிருந்தார். அடுத்து காணிக்கை. அவருடைய விரல்கள் மடியிலிருந்த காணிக்கைப் பையின் கயிற்றுச் சிக்கலைத் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தன.

"எங்கள் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் மூலமாய்க் கேட்கிறோம்."

"ஆமென்" என்றார் கொர்னேலியு. எல்லோருக்கும் முன்னால், வழக்கம்போலக் கணீரென்று.

ஒலிபெருக்கி அதை இரண்டாம் தெருவரைக்கும் கொண்டுபோனது.

வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியில்தான் கொர்னேலியு கண்ணைத் திறந்தார்.