மழையில்லாமல் நனைந்த சிங்கராயர்

முன்னொரு காலத்தில், மலைகளே மதிலாக நின்ற முகிலூர் நாட்டை வீரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை அவருக்கு.

அங்கே வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறியது. அந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது. அந்த நேரம் பார்த்து ராஜாவுக்கு மண்டபம் கட்டும் ஆசை வந்தது. கட்டட அதிகாரி சிங்கராயர், மரத்துக்கு உச்சிமலைச் சோலையை வெட்டலாம் என்றார். சோலை போனால் ஆறும் போகும், ஊர் எதைக் குடிக்கும் என்று தடுத்தாள் மந்திரி வடிவம்மை. அவள் பேச்சுக்கு ராஜா தலையாட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் சிங்கராயருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல்.

"மழையே இல்லை. ஆற்றுக்கு மரமா தண்ணீர் ஊற்றுகிறது, அம்மணி?"

"ஆமாம் ஐயா, மரம்தான் ஊற்றுகிறது."

சபை சிரித்தது. நாளை விடியும்போது அதைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சோலையும் போகும், மந்திரி பதவியும் போகும் என்றார் ராஜா.

மறுநாள் விடிவதற்கு முன்பே, சிங்கராயர் போன வருஷம் வெட்டி மொட்டையாக்கிய சரிவில் ராஜாவை உட்காரச் சொன்னாள் வடிவம்மை. சோலைக்குள் ஒரு மரத்தடியில் குடம் வைக்கப் போனாள். ஆள் வைத்து ஊற்றி ஏமாற்றுவாள் என்றார் சிங்கராயர்.

"அப்படியானால் மரத்தையும் நீங்களே பாருங்கள், காவலுக்கும் நீங்களே உட்காருங்கள்."

அவர் பாசி படர்ந்த கிழட்டு மரம் ஒன்றைக் காட்டினார். கிளைகளில் யாரும் ஒளிந்திருக்கவில்லை என்று சேவகனை ஏற்றிப் பார்த்த பிறகு, முண்டாசை இறுக்கிக்கொண்டு அடியில் உட்கார்ந்தார்.

விடியலில் மூடுபனி மலையேறி வந்தது. மொட்டைச் சரிவில் ராஜாவைத் தடவிவிட்டு நிற்காமல் போனது. சோலையில் அப்படிப் போக முடியுமா? ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு பாசி இழையும் அதைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக இறக்கின. எழுந்தால் அந்த நேரம் பார்த்து ஏமாற்றிவிடுவாளே என்று சிங்கராயர் அசையவில்லை.

வெயில் வந்ததும் மீசையிலிருந்து தொப்பைக்குத் தண்ணீர் வழிய, ராஜா முன்னால் வந்து நின்றார்.

"யாராவது ஊற்றினார்களா?"

"ஒருவரும் வரவில்லை, மகாராஜா. நான் கண்ணைக்கூட மூடவில்லை."

"பின்னே எப்படி நனைந்தீர்?"

சிங்கராயர் தும்மினார். "மரம்தான், மகாராஜா."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி வடிவம்மைக்குக் கொடுத்தார். மாலையோடு இன்னும் இரண்டு கேட்டாள் அவள்: வெயில் ஏற ஏற மூடுபனியும் மேலே போகிறது, சோலையைத் தாண்டிப் போய்விட்டால் மரம் எதைப் பிடிக்கும், அதனால் அது எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஆண்டுதோறும் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும், பட்டுப்போன மரத்தைத் தவிர எதையும் வெட்டக் கூடாது. ராஜா ஒப்புக்கொண்டு சிங்கராயர் பக்கம் திரும்பினார்.

"மொட்டைச் சரிவில் இந்தச் சோலை மரங்களைக் கலந்து நடும். மூடுபனியையும் நீரே பாரும். உம் மரம் உம்மை நனைக்கும் வரைக்கும் அங்கேயே குடியிரும்."

மீசை நரைத்த பிறகுதான் அவர் நனைந்தார். அதற்கப்புறம் அந்த வழியாகப் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, மரத்தடியில் உட்காரவைத்து, நனைத்து அனுப்புவதே அவருக்குப் பெருமையாகிவிட்டது.